தலையில் கை வைத்தால் வலி குறைகிறது: கழுத்து நரம்பு வலியும் காப்பீடு இல்லாத கவலையும்

கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து 44 வயதுப் பெண்மணி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கிவிட்டு, பதிலுக்கு வேண்டியவற்றை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு அரை ஏக்கர் தேயிலை சொந்தமாக உண்டு. மற்ற நாட்களில் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்கு இலை பறிக்கிறார். பறித்த இலையைச் சாக்கில் திணித்து, தலையில் ஏற்றி, சரிவில் ஏறிச் சாலையோரத்தில் எடை போடும் இடம்வரை கொண்டு சேர்ப்பது இருபது ஆண்டுப் பழக்கம். ஒரு நடைக்கு 25 முதல் 30 கிலோ இருக்கும். ஒன்பது மாதங்களுக்கு முன் ஒரு காலையில் கழுத்தின் வலப்பக்கம் பிடித்துக்கொண்டது. சில நாட்களில் வலி தோள்பட்டையின் பின்புறத்துக்கும், அங்கிருந்து கையின் வெளிப்புறமாக இறங்கிக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் வரைக்கும் பரவியது. அண்ணாந்து பார்த்தாலும் வலப்பக்கம் திரும்பினாலும் மின்சாரம் பாய்வதுபோல் கையில் சுரீர் என்கிறது. அந்த இரு விரல்களும் எந்நேரமும் மரத்துக் கிடக்கின்றன. இடையில் இரண்டு மாதம் சுமை தூக்காமல் இருந்தபோது பாதியாகக் குறைந்த வலி, கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் மறுபடியும் வேலைக்குப் போனதும் பழையபடி வந்துவிட்டது.

இதுவரை 38,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. மருந்துக் கடையில் வாரம் ஒரு ஊசியும் நான்கு மாத்திரை கொண்ட ‘செட்’டும், எண்ணெய் தடவிக் கழுத்தைச் சொடுக்கிச் சுளுக்கு எடுத்ததும், ஏழு மாதமாகக் கழற்றாத கழுத்துப் பட்டையும், ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அதில் அடக்கம். ஸ்கேனைப் பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் கைகால் விழுந்துவிடும் என்றும் அதற்கு 2,60,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்களாம். கணவர் காரமடைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஒப்பந்தக்காரர் மூலம் 14 மாதமாக வேலை செய்கிறார். சம்பளம் 14,000 ரூபாய். வருமானம் கூடுதல் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்காது என்று கிராமத்தில் சொல்லிவிட்டார்கள். 2,000 ரூபாய் கொடுத்தால் குறைந்த வருமானச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவரும், நோயைச் சொல்லாமல் தனியார் பாலிசி எடுத்து அடுத்த மாதமே அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று ஒரு முகவரும் யோசனை சொல்லியிருக்கிறார்கள். “அரை ஏக்கரை அடமானம் வைப்பதா, பல்லைக் கடித்துக்கொண்டு இப்படியே இருந்துவிடுவதா?” என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு வரிகள்தாம் எனக்கு மிகவும் பயன்பட்டன. வலி தாங்காமல் வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது, ஆனால் “தலையில் கை வைத்து உட்காராதே, குடும்பத்துக்கு ஆகாது” என்று மாமியார் திட்டுகிறார் என்பது ஒன்று. வீட்டுக் கணக்கை எழுதும்போது, கணவரின் சம்பளத்தில் பி.எஃப். போக இன்னும் ஒரு 105 ரூபாய் எதற்கோ பிடிக்கிறார்கள் என்று எழுதியிருப்பது மற்றொன்று. முதல் வரி உங்கள் நோயைச் சொல்கிறது. இரண்டாவது வரி, எங்களுக்கு எந்தக் காப்பீடும் இல்லை என்று நீங்கள் நான்கு இடத்தில் எழுதியிருப்பது சரிதானா என்று என்னை யோசிக்க வைக்கிறது.

கழுத்தில் ஏழு எலும்புகளும் எட்டு இணை நரம்பு வேர்களும் இருக்கின்றன. ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு இடையில் வெளியே வரும் ஆறாவது நரம்பு வேர், கையின் வெளிப்புறமாக இறங்கிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்ச்சி தருகிறது. உங்கள் ஸ்கேன் அறிக்கையில் அதே இடத்தில், எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கி, வலப்பக்கத்து நரம்புத் துளை குறுகியிருப்பதாக எழுதியிருக்கிறது. உங்கள் வலியும் மரமரப்பும் அதே பாதையில்தான் ஓடுகின்றன. கையைத் தலைமேல் வைக்கும்போது அந்த வேரின் இழுவிசை தளர்வதால் வலி குறைகிறது; கழுத்து நரம்பு வேர் அழுத்தத்தைக் கண்டறிய நாங்கள் நோயாளியிடம் தேடிப் பார்க்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. ஆகையால் மாமியாரிடம் இது மருத்துவர் சொன்ன இருப்பு என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

உங்களைப் பயமுறுத்தியிருப்பது ‘வட்டு பிதுங்கிவிட்டது’ என்ற சொல். நாற்பது வயதைக் கடந்தவர்களின் கழுத்தை ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் ஏதாவது ஒரு பிதுக்கம் தெரியத்தான் செய்யும். ஜப்பானில் கழுத்து நோவு ஏதும் இல்லாத 1,200-க்கும் மேற்பட்டோரை ஸ்கேன் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 88 சதவீதம் பேருக்கு வட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. எனவே ஸ்கேனில் இருப்பதெல்லாம் நோயும் அல்ல, அறுவை சிகிச்சைக்கான காரணமும் அல்ல. உங்களைப் பொறுத்தவரை ஸ்கேனும் அறிகுறியும் ஒத்துப்போகின்றன என்பதால் அந்தப் பிதுக்கத்தைப் பொருட்படுத்த வேண்டியிருக்கிறது. அதே அறிக்கையின் கடைசி வரியில் ‘தண்டுவடத்தில் அழுத்தம் இல்லை’ என்று இருப்பதை உங்களுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அந்த வரிதான் முக்கியமானது. தண்டுவடம் ஊருக்கு வரும் பெரிய குடிநீர்க் குழாய் என்றால், நரம்பு வேர் அதிலிருந்து ஒரு வீட்டுக்குப் பிரியும் சிறு குழாய். உங்களுக்கு நெருக்கடி சிறு குழாயில். கைகால் விழுந்துவிடும் என்ற எச்சரிக்கை பெரிய குழாய் நசுங்கியவர்களுக்கு உரியது. அந்த ஸ்கேன் எடுத்து ஐந்து மாதம் ஆகிவிட்டதால், அப்போது இல்லாதது இப்போதும் இல்லை என்று காகிதத்தை மட்டும் வைத்து என்னால் உறுதி கூற முடியாது. உங்கள் கைகளையும் நடையையும் ஒரு மருத்துவர் நேரில் சோதிக்க வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாதவை

காசில்லாத வீட்டில் எல்லா நோயையும் தள்ளிப்போடுவது வழக்கம். அதில் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பது தெரிந்திருக்க வேண்டும். வலி காத்திருக்கும். வலு இழப்பு காத்திருக்காது. இரண்டு கைகளாலும் தனித்தனியே ஒரே அளவு தண்ணீர் உள்ள குடத்தைத் தூக்கிப் பாருங்கள்; உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை நீட்டி, மணிக்கட்டைப் பின்பக்கமாக நிமிர்த்தி, மகளை அதை அழுத்தச் சொல்லுங்கள். இடது கை தாங்குவதை வலது கை தாங்கவில்லை என்றால், அதுவும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு வந்தால், காத்திருக்கக் கூடாது. அடுத்து, விரல்களை முழுதாக மடக்கி முழுதாக விரிப்பதை ஒரு முறை என்று கணக்கிட்டால், பத்து நொடியில் இருபது முறையாவது செய்ய முடிய வேண்டும். பூக் கட்டுவதும் கொக்கி மாட்டுவதும் திடீரென்று கைவராமல் போவது, நடையில் தள்ளாட்டம், கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியாக இரு கால்களுக்கும் அதிர்ச்சி இறங்குவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமை, இரண்டு கைகளிலும் மரமரப்பு ஆகியவை தண்டுவடம் நெருக்கப்படுவதைக் காட்டலாம். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும், படுத்தாலும் எழுந்தாலும் மாறாத இரவு வலியும் இருந்தால் காசநோய் போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதானதல்ல. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் காப்பீட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல், அன்றைக்கே உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இவற்றில் எதுவும் உங்களுக்கு இல்லை. கொக்கி மாட்டுகிறீர்கள், சரிவில் நடக்கிறீர்கள், கத்தரி பிடித்து இலை வெட்டுகிறீர்கள். ஆகையால் முடிவெடுக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

இனி வேண்டாம் என்று நான் சொல்பவை

முதலில் அந்த ‘செட்’ மாத்திரை. மருந்துக் கடைகளில் உதிரியாகக் கட்டித் தரும் இத்தகைய பொட்டலங்களில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிடும். ‘கைராசி’ என்று பெயரும் வந்துவிடும். பின்னாலேயே சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் உப்பும். வலி மாத்திரையோ தனியாகவே வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் இரத்த அழுத்த உயர்வையும் உண்டாக்கக்கூடியது. மலம் கறுப்பாகப் போனால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அதே வேளையில், பல வாரமாகத் தொடர்ந்து அந்தப் பொட்டலத்தைச் சாப்பிட்டிருப்பதால் இன்றிரவே நிறுத்திவிடவும் வேண்டாம். ஸ்டீராய்டாக இருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மீதி இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டி, படிப்படியாக நிறுத்துவது எப்படி என்று கேளுங்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இவை காசில்லாமல் நடக்கும்.

இரண்டாவது, கழுத்தைச் சொடுக்குவது. தசைப் பிடிப்புக்கு இதமாக எண்ணெய் தேய்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தலையைப் பிடித்துத் திடுமென முறுக்கும்போது, கழுத்தெலும்பின் ஊடாக மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். அடிக்கடி நடப்பதில்லை என்பது உண்மை. நடந்தால் மீட்க முடியாது என்பதும் உண்மை. ஏற்கெனவே வட்டு பிதுங்கியிருக்கும் கழுத்தை யாரிடமும் முறுக்கக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, பட்டை. வலி புதிதாக வந்த காலத்தில் சில வாரங்களுக்குப் பட்டை உதவும். ஏழு மாதம் கழற்றாமல் போட்டால் தலையைத் தாங்க வேண்டிய தசைகள் வேலை மறந்து மெலிந்துவிடுகின்றன. பத்து நாட்களில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் போகும்போது மட்டும் அணியும் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

குளிரில் நரம்பு சுருங்கிவிட்டது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பனிக்காலத்தில் வலி கூடுவதாகப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். குளிருக்குத் தோள்களைக் குறுக்கிக்கொள்வதால் தசைகள் இறுகுவது அதற்கு ஒரு காரணமாகலாம்; நரம்பு அப்படிச் சுருங்குவதில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பதினைந்து நிமிடம் கழுத்தில் போட்டுக்கொள்வது போதும். மரத்த விரல்களுக்கு மட்டும் சூடு வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது.

உண்மையில் உதவக்கூடியவை

கழுத்து நரம்பு வலி பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலேயே முதல் நான்கு முதல் ஆறு மாதங்களில் கணிசமாகக் குறைகிறது; முழுதாக ஆற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆனவர்களும் உண்டு. உங்களுக்கு ஒன்பது மாதம் ஆகியும் குறையவில்லையே என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் சுமை தூக்காதபோது பாதி குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறத் தொடங்கிய இடத்தின் மேல் மறுபடியும் 30 கிலோவை ஏற்றியிருக்கிறீர்கள். தலைச்சுமையைத் தொடர்ந்துகொண்டே செய்யும் எந்த வைத்தியமும், அறுவை சிகிச்சை உட்பட, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்வது எனக்கு எளிது. உங்களுக்கு அது அடுப்பை அணைப்பதற்குச் சமம். ஆகவே நான் கேட்பது தலைச்சுமையை மட்டும் மூன்று மாதத்துக்கு நிறுத்துவதை. இலை பறிக்கலாம், சாக்கை இன்னொருவர் தூக்கட்டும். கூட வேலை செய்பவரோடு, நீங்கள் கூடுதலாகப் பறித்துத் தருவதும் அவர் உங்கள் சாக்கைச் சுமப்பதுமாகப் பேசிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். உடன்படும் கூட்டாளிகள் நம் தோட்டங்களில் கிடைப்பார்கள். சொந்த அரை ஏக்கரில் பாதிச் சாக்காகக் கட்டி, இரு பக்கமும் பட்டி வைத்து முதுகில் சுமந்து இரண்டு நடையாகக் கொண்டுபோகலாம். விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் இதே கணக்கில் சேரும் என்பதை வீட்டில் எல்லோரும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். கத்தரியை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வெட்டாமல், அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள்.

உடற்பயிற்சிகள் மூன்றோடு தொடங்கினால் போதும். சுவரில் முதுகு ஒட்டி உட்கார்ந்து, குனியாமலும் நிமிராமலும் முகவாயை நேர் பின்பக்கமாக உள்ளிழுத்து ஐந்து நொடி வைத்து விடுவது பத்து முறை. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றையொன்று தொடுவதுபோல் சேர்த்து விடுவது பத்து முறை. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதபடி இரண்டையும் மெல்ல எதிரெதிரே அழுத்துவது, பிறகு அதேபோல் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் ஐந்து முறை. இவற்றைக் காலை மாலை இரு வேளையும் செய்யுங்கள். பயிற்சியின்போது வலி விரலிலிருந்து பின்வாங்கி முழங்கைக்கும் தோளுக்கும் ஏறினால், கழுத்தில் சற்றுக் கூடினாலும் அது நல்ல அறிகுறி. வலி மேலிருந்து விரலை நோக்கி இறங்கி, அரைமணி நேரமாகியும் தணியாவிட்டால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவச் சேவையும் சேர்க்கப்பட்டது. நடமாட முடியாதவர்களுக்கே அதில் முன்னுரிமை என்றாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த இயன்முறை மருத்துவர் எந்தக் கிழமை இருப்பார் என்று கிராமச் செவிலியரிடம் விசாரியுங்கள். இரண்டு மூன்று முறை நேரில் கற்றுக்கொண்டால் மீதியை வீட்டிலேயே தொடரலாம்.

இரவில் தலையணை ஒன்று போதும். இடப்பக்கமாகப் படுத்து, வலது கைக்கு அடியில் இன்னொரு தலையணையையோ மடித்த கம்பளியையோ வையுங்கள். நரம்பு வலிக்கு என்று அமிட்ரிப்டிலின், காபாபென்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. எல்லோருக்கும் பயன்தரும் மருந்துகள் அல்ல இவை. எனினும், இரவு இரண்டு மணிக்குமேல் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கும் உங்களுக்கு, அமிட்ரிப்டிலினைப் பொதுவாகத் தொடங்கும் 10 மி.கி. என்ற சிறிய அளவில் இரவில் கொடுத்துப் பார்ப்பதைப் பற்றி மருத்துவர் யோசிக்கலாம். விலை மலிவானது. மறுநாள் காலையில் மந்தமாக இருக்கும் என்பதால், முதல் வாரம் ஈரச் சரிவிலும் கத்தரி வேலையிலும் கவனம் தேவை. இந்த மருந்துகளையும் கடையில் கேட்டு நீங்களாக வாங்காதீர்கள்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். நடு இரவில் கை மரத்து விழித்துக்கொண்டு, கையை உதறினால் சரியாகிறது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளமாகவும் இருக்கலாம். கத்தரி பிடிப்பவர்களுக்கு அதற்கு இடமுண்டு. கழுத்திலும் மணிக்கட்டிலும் சேர்ந்தே தொல்லை இருக்கும் நோயாளிகளும் உண்டு. சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு மணிக்கட்டுதான் காரணம் என்று தெரியவருவது கொடுமை.

அந்த 105 ரூபாய்

இப்போது உங்கள் கணவரின் சம்பளத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள ஆலைத் தொழிலாளர்கள் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில், அதாவது இ.எஸ்.ஐ.-யில் சேர்க்கப்பட வேண்டும். தொழிலாளி 0.75 சதவீதமும் நிர்வாகம் 3.25 சதவீதமும் கட்ட வேண்டும் என்பது 2019 ஜூலை முதல் உள்ள விகிதம். 14,000 ரூபாய்க்கு 0.75 சதவீதம் எவ்வளவு என்று மகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். சரியாக 105 ரூபாய் வரும். இது தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு.

அது இ.எஸ்.ஐ. பிடித்தம்தான் என்றால், கணவருக்கு மட்டுமின்றி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதில் மருத்துவ உரிமை உண்டு. முதலமைச்சர் காப்பீடு முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. இ.எஸ்.ஐ.-யிலோ வெளிநோயாளியாக மருத்துவரைப் பார்ப்பது, மருந்து, பரிசோதனை, அறுவை சிகிச்சை எல்லாம் அடங்கும். உயர் சிறப்புச் சிகிச்சைக்குக் குறிப்பிட்ட மாதங்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. 14 மாத வேலை உங்களுக்குச் சாதகமானது. கணவர் இந்த வாரமே சம்பளச் சீட்டை எடுத்து, அந்தப் பிடித்தத்தின் பெயரையும் தம்முடைய காப்பீட்டு எண்ணையும் பார்க்கட்டும். குடும்ப உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஆலை அலுவலகத்தில் கேட்கட்டும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விடுபட்டிருக்கும். கோவை சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பணத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பந்தக்காரர் கட்டாமல் விட்டிருந்தால், அதற்கு ஆலை நிர்வாகமும் பொறுப்பேற்க வேண்டும், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் சம்பளச் சீட்டின் நகலோடு எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். வேலை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானதே. அதனால் புகாருக்கு முன், பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் விசாரியுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். கணவரின் சம்பளமே ஆண்டுக்கு 1,68,000 ரூபாய் ஆவதால், கிராமத்தில் சொன்னது பொய்யல்ல. 2,000 ரூபாய்ச் சான்றிதழை வாங்காதீர்கள். பொய்ச் சான்று கொடுத்தது வெளிப்பட்டால், அட்டை பறிபோவதோடு வழக்கும் வரலாம். ஆனால் ஆலை வேலை நின்று வருமானம் உண்மையிலேயே குறைந்தால், அப்போது கிராம நிர்வாக அலுவலர் வழியே முறையாக விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இத்திட்டத்தில் சிகிச்சைக்கு முன்பே அனுமதி பெற வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது.

தனியார் பாலிசி முகவர் சொன்னதை முழுவதுமாக மறந்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அதிகபட்சம் 36 மாதம் வரை இருக்கலாம். உங்கள் ஸ்கேன் அறிக்கையில் தேதி இருக்கிறது. மறைத்து எடுத்தால் பிரீமியமும் போகும், இழப்பீடும் மறுக்கப்படும். நாளைக்கு வேறு நோய்க்குக் கேட்கும்போதும் அதே காரணம் குறுக்கே வரும். குடும்பத்தின் பிற்காலத் தேவைக்காக, உள்ளதைச் சொல்லி ஒரு பாலிசி எடுப்பது வேறு விஷயம். இந்தக் கழுத்துக்கு அது உதவாது.

காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் அரசு மருத்துவமனையில் சேர்க்க மாட்டார்கள் என்று நீங்கள் நம்புவதும் தவறு. கோத்தகிரி அரசு மருத்துவமனையிலோ, குன்னூர் அரசு லாலி மருத்துவமனையிலோ, 2025 ஏப்ரலில் புதிய வளாகம் திறக்கப்பட்ட உதகை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வெளிநோயாளிச் சீட்டு வாங்க எந்த அட்டையும் வேண்டாம். நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரின் கருத்து தேவைப்பட்டால் அங்கிருந்து கோவைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். அறுவை சிகிச்சையில் தகடோ வேறு பொருத்துபொருளோ வைக்க வேண்டியிருந்தால், அதன் செலவு யாருடையது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரை ஏக்கரைப் பற்றி

அறுவை சிகிச்சையே வேண்டாம் என்பது என் கருத்து அல்ல. தலைச்சுமையை நிறுத்தி, பயிற்சியும் முறையான மருந்தும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும் கைவலி தூங்கவிடாமல் இருந்தாலோ, வலு குறைந்தாலோ, பிதுங்கிய வட்டை நீக்கி நரம்பை விடுவிப்பது நல்ல சிகிச்சைதான். தகுந்தவர்களுக்குக் கைவலி விரைவாகக் குறைகிறது. இயன்முறைச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் முதல் ஆண்டில் அறுவை சிகிச்சை முந்துகிறது, இரண்டாம் ஆண்டு முடிவில் இடைவெளி குறைகிறது. கைவலிக்கு உதவும் அளவுக்குக் கழுத்து வலிக்கு அது உதவுவதில்லை. விரல் மரமரப்பு கடைசியாகத்தான் போகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கியும்விடும். நரம்பு வேரின் அருகே ஸ்டீராய்டு ஊசி போடும் முறையும் உண்டு. கழுத்தில் அது அரிதாகக் கடும் விளைவை உண்டாக்கக்கூடும் என்பதால், பழகிய கைகள் உள்ள பெரிய மருத்துவமனையில் மட்டுமே அதைச் செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் இன்றைக்கு அந்த அரை ஏக்கரை அடமானம் வைக்க மருத்துவக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. உடனே செய்யாவிட்டால் என்று உங்களை அவசரப்படுத்தியவர்கள் உங்கள் கையின் வலுவைச் சோதித்தார்களா என்று நினைத்துப் பாருங்கள். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது.

இன்னொன்று. “செத்துவிட்டால் வீட்டுக்குச் செலவாவது மிச்சம்” என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். அடித்த எழுத்தையும் நான் படித்தேன். நெடுநாள் வலியும் தூக்கமின்மையும் இத்தகைய எண்ணங்களைக் கொண்டுவரும். அதை நோயின் ஒரு பகுதியாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவில் அந்த எண்ணம் மிகுந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கணவரிடமும் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை வந்துபோகும் அவருக்கு நீங்கள் சொல்லாமல் இது தெரியாது.

உதகைக்குப் போகும் நாளில் ஸ்கேன் படத்தையும் அறிக்கையையும், மீதியுள்ள மாத்திரைப் பொட்டலத்தையும், எந்த அசைவில் எந்த விரல்வரை வலி போகிறது என்று ஒரு வாரம் குறித்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பேருந்தில் முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து, பட்டையைப் போட்டுக்கொண்டு, வலது கையைத் தலைமேல் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஏதாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.